ஏழு மணி மாத்திரை

2019 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, காலை 7.05. மருத்துவமனையின் இரண்டாம் மாடி, ஆண்கள் பொது வார்டு, பதினான்காம் படுக்கை. நோயாளியின் ரத்தச் சர்க்கரை 48. மருந்துத் தாளில் அதற்கு முந்தைய பதிவு: காலை 7.00, சர்க்கரை மாத்திரை கிளிமிபிரைடு நான்கு மில்லிகிராம், கொடுக்கப்பட்டது. கையெழுத்து இரவு நர்ஸுடையது.

பதினான்காம் படுக்கைக்காரர் கப்பல் தளத்தில் கிரேன் ஓட்டுபவர். வார்டில் எல்லோருக்கும் அவர் கிரேன்காரர்தான். வயது ஐம்பத்தொன்று, சர்க்கரை நோய்க்கு வயது ஒன்பது. வலது கெண்டைக்காலில் இரும்புத் தகடு கீறிய புண்ணை அவர் பத்து நாள் யாருக்கும் காட்டவில்லை. வீக்கம் முழங்காலைத் தொட்ட பிறகுதான் மனைவி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார். வந்த நாளிலிருந்து ஊசி போட்ட நர்ஸுக்கு நன்றி, தரை துடைத்தவருக்கு நன்றி என்று மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்த மனிதர், அன்று காலை ஏழு மணிக்குப் பக்கத்துப் படுக்கைக்காரரோடு சண்டைக்கு நின்றார். பக்கத்தில் இருந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர்.

"என் செருப்ப எங்கய்யா வச்சீங்க?"

"உங்க கால்லதானே இருக்கு."

"இது என்னோடது இல்ல. யாரோ மாத்தி வச்சிருக்காங்க."

"ஆமா, நான்தான் நீங்க தூங்குறப்போ கழட்டி வேற மாட்டி விட்டேன். எனக்கு வேற என்ன வேலை?"

இரவு நர்ஸ் மேசையிலிருந்து எழுந்து வந்தாள். சமாதானம் செய்ய வரவில்லை. கையில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தது. சத்தம் போடாத நோயாளி திடீரென்று சத்தம் போட்டால், என்ன ஏது என்று கேட்பதற்கு முன்னால் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும். கிரேன்காரர் நெற்றி வியர்வையில் நனைந்திருந்தது. சட்டைக் காலர் ஈரமாகிக் கழுத்தோடு ஒட்டியிருந்தது.

"கையக் குடுங்கண்ணே."

"மொதல்ல செருப்பு."

"செருப்பு எங்கயும் போயிடாது. கையக் குடுங்க."

48. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. அரை டம்ளர் தண்ணீரில் மூன்று கரண்டி குளுக்கோஸ் மாவைக் கலக்கிக் கொடுத்தாள். திருட்டைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே அவர் குடித்தார். பதினைந்து நிமிடம் கழித்து 69. இன்னொரு அரை டம்ளர். ஒரு சக்கரம் எப்போதும் கிறீச்சிடும் சாப்பாட்டு வண்டி ஏழு நாற்பதுக்கு வந்து சேர்ந்தது. சாப்பிட்டு முடித்தபோது 112. கிரேன்காரர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார், பிறகு தபால்காரரைப் பார்த்தார்.

"நான் ஏதாவது சொல்லிட்டேனா?"

"பெருசா ஒண்ணுமில்ல. என்னைத் திருடன்னீங்க. அவ்வளவுதான்."

பகல் நர்ஸிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது இரவு நர்ஸ் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த மாத்திரை உடம்பில் ஒரு நாள் முழுக்கத் தங்கும், சர்க்கரை மறுபடி இறங்கலாம், மணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவளுக்கும் அது தெரியும். ஏழு மணி மாத்திரை கொடுக்கப்பட்டது ஐந்து நாற்பதுக்கு.

அந்த வார்டில் ஏழு மணி மாத்திரையை ஏழு மணிக்குக் கொடுத்தவர்கள் யாரும் இல்லை. முப்பத்திரண்டு படுக்கை, இரவில் ஒரே நர்ஸ், ஒரு உதவியாள். பணி மாற்றம் ஏழரைக்கு. ஏழுக்குத் தொடங்கினால் முடிக்க எட்டாகும். பாதி மாத்திரை வருகிறவள் தலையில் விழும். அதனால் ஐந்தரைக்கே தொடங்கி, ஏழரைக்குள் ஒரு மாத்திரைகூட மிச்சமில்லாமல் முடித்துவிடுவார்கள். இதற்குச் 'சுத்தமாக ஒப்படைப்பது' என்று பெயர். புதிதாக வருகிறவளுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. முதல் வாரம் ஆறு மாத்திரையை மிச்சம் வைத்துவிட்டுப் போனால், மறுநாள் தேநீர் நேரத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அதில் கற்றுக்கொள்வாள்.

தாளில் 7.00 என்று அச்சடித்திருக்கும். அதற்கு எதிரே கையெழுத்து. பொய் எழுதுவதாக யாரும் நினைத்ததில்லை, ஏனென்றால் யாரும் நேரத்தை எழுதுவதே இல்லை.

பெரும்பாலான மாத்திரைகளுக்கு இதனால் கேடு ஒன்றும் வரவில்லை. வெறும் வயிற்றில் மெட்ஃபார்மின் போனால் குமட்டும், திட்டுவார்கள், அவ்வளவுதான். கிளிமிபிரைடு அப்படியல்ல. சாப்பாடு வந்ததா வரவில்லையா என்று அது பார்க்காது. கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். அதனால்தான் அதை முதல் கவளத்தோடு கொடுக்க வேண்டும் என்பார்கள். அந்த வார்டின் ஐந்து நர்ஸ்களும் இதைப் படித்துத் தேர்வில் எழுதியவர்கள். ஆனால் இத்தனை வருடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காதவரை படிப்பு ஒரு பக்கம், பழக்கம் ஒரு பக்கம்.

செவ்வாய் மாலை ஏழே காலுக்கு இரவு நர்ஸ் திரும்பி வந்தபோது, டாக்டர் மருந்தளவைக் குறைத்திருப்பார், அதோடு முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் படியேறினாள். பகல் நர்ஸ் கோப்பைத் திறந்து காட்டினாள்.

"அக்கா, இதைப் பாருங்க."

டாக்டரின் கையெழுத்து வழக்கத்துக்கு மாறாகத் தெளிவாக இருந்தது. 5.30-க்கு 96. 7.00-க்கு மாத்திரை. 7.05-க்கு 48. ஐந்து நிமிடத்தில் மாத்திரை வேலை செய்திருக்க முடியாது. சிறுநீரகச் சோதனை சரியாக உள்ளது. மாத்திரை நிறுத்தப்படுகிறது. சர்க்கரை தாழ்ந்ததற்குக் காரணம் தெரியவில்லை. கணையத்தில் கட்டி உண்டா என்று அறிய, வியாழன் முதல் மூன்று நாள் பட்டினிச் சோதனை.

"கட்டியா?" என்றாள் இரவு நர்ஸ்.

"தாளை வச்சுப் பார்த்தா அவர் எழுதினது சரிதானே. தாள்ல அப்படித்தான் இருக்கு."

பார்வையாளர் நேரம் எட்டு வரை. பதினான்காம் படுக்கையில் மனைவி கட்டிலின் விளிம்பிலும், மைத்துனர் மருந்து மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு அங்கே கிடந்த முக்காலியிலும் இருந்தார்கள். மைத்துனருக்கும் அதே கப்பல் தளத்தில்தான் வேலை. பன்னிரண்டு வருடமாக அவர் கீழே நின்று கை காட்ட, கிரேன்காரர் நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து சுமையைத் தூக்கி இறக்கி வந்தார்.

"சிஸ்டர், இந்த 'காரணம் தெரியலை'ங்கிறதை மட்டும் மாத்தி எழுத முடியாதா?" என்று மனைவி எடுத்த எடுப்பில் கேட்டார்.

"ஏன்?"

"எங்க தளத்துல ஒரு டாக்டர் இருக்கார், அவர்கிட்ட இந்தப் பேப்பரைக் குடுத்தாத்தான் மேல ஏற விடுவாங்க," என்றார் மைத்துனர். "இன்னதுனால சுகர் இறங்குச்சு, சரி பண்ணியாச்சுன்னு இருந்தா ஒரு மாசம். காரணம் தெரியலைன்னா ஒரு வருஷம். மேல மயக்கம் போட்டா கீழ இருக்கிறவன் கதி என்னங்கிறாங்க. கீழ இருக்கிறவன் நான்தான். அதனால நானும் ஒண்ணும் சொல்ல முடியல."

"ஒரு வருஷம் கழிச்சு அந்தக் கிரேன் சீட்டு இவருக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்?" என்றார் மனைவி. "ஸ்டோர்ல உக்கார வச்சு நட்டு போல்ட்டு எண்ணச் சொல்லுவாங்க."

"எனக்கு எண்ணத் தெரியாதா?" என்றார் கிரேன்காரர்.

"தெரியும். பத்தாவது நாள் ஸ்டோர்காரரோட சண்டை போட்டுட்டு வீட்டுக்கு வந்து நிப்பீங்க."

"மாமா மேல இருக்கிறவரைக்கும்தான் சாது, சிஸ்டர்," என்றார் மைத்துனர். "கீழ இறங்கிட்டா எங்க யாருக்கும் தாங்காது."

கிரேன்காரர் சிரிக்கவில்லை. "இருபத்திரெண்டு வருஷம்," என்று மட்டும் சொன்னார். பிறகு போர்வையின் நுனியை மடித்து, விரித்து, மறுபடி மடித்தார்.

இரவு நர்ஸுக்கு ஒரு கேள்வி இருந்தது. மாத்திரை முந்தைய நான்கு நாளும் அதே நேரத்துக்குத்தான் போனது. நான்கு நாளும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அண்ணே, மத்த நாள்ல காலையில மாத்திரை போட்டதும் என்ன பண்ணுவீங்க?"

அவர் மனைவியின் பக்கம் பார்த்தார். "சும்மா படுத்திருப்பேன்."

"என்னங்க, சும்மாவா?" என்றார் மனைவி.

மைத்துனர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. "சொல்லிடுங்க மாமா. இனிமே அடிக்கவா போறாங்க."

"மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரத்துல உள்ள ஒரு மாதிரி படபடன்னு வரும், சிஸ்டர்," என்றார் கிரேன்காரர். "நாலு பிஸ்கட் போட்டா அடங்கிடும். இன்னைக்கும் அலமாரிக்குள்ள கைய விட்டுத் துழாவினேன். இல்ல."

பிஸ்கட் இல்லாததற்கு அவள்தான் காரணம். திங்கள் மாலை பணிக்கு வந்ததும் அலமாரியில் கிரீம் வைத்த பிஸ்கட் பொட்டலத்தைப் பார்த்தாள். வெளியே எடுத்து மனைவியின் கையில் கொடுத்து, சர்க்கரைக்காரருக்கு இதையெல்லாம் வாங்கித் தந்தால் நாங்கள் இங்கே எதற்கு என்று நான்கு பேர் கேட்கக் கடிந்துகொண்டாள். வாங்கித் தந்தவர் மைத்துனர். திட்டு வாங்கியவர் மனைவி.

"நீங்க எடுத்தது சரிதான் சிஸ்டர்," என்றார் கிரேன்காரர். "தப்பு என் மேலதான். இதை டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. திருட்டுத்தனமா தின்னவன்னு பேராயிடும். அப்புறம் அதையும் எழுதிடுவார்."

தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே விஷயத்தைத்தான் அவர் மறைக்கச் சொன்னார். அவள் நின்றுகொண்டே நாடித்துடிப்பு எண்ணுகிறவள்போல அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். எண்ணவில்லை.

இத்தனை வருடம் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கு அவளுக்கு அப்போது விடை கிடைத்தது. வீட்டிலிருந்து வருகிற பொட்டலம் இல்லாத அலமாரி அந்த வார்டில் கிடையாது. நர்ஸ்கள் நேரத்துக்கு முன்னால் கொடுத்த மாத்திரைக்கு, நோயாளிகள் நர்ஸுக்குத் தெரியாமல் தின்று ஈடுகட்டிக்கொண்டிருந்தார்கள்.

பகல் நர்ஸ் உடை மாற்றிக்கொண்டு பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். இரவு நர்ஸ் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"காலையில டாக்டர்கிட்ட அஞ்சு நாப்பதுன்னு சொல்லப்போறேன்."

"எதுக்குக்கா? ஆள் நல்லாத்தானே இருக்கார்."

"மூணு நாள் பட்டினி போடப்போறாங்க. நான் பண்ணினதுக்கு."

"நீங்க மட்டுமா பண்றீங்க? போன வாரம் நான் அஞ்சேகாலுக்கே குடுத்தேன். அன்னைக்கு என் பொண்ணுக்குப் பரீட்சை, சீக்கிரம் ஓடணும்னு. நீங்க வாயத் திறந்தா அஞ்சு பேரும் மேட்ரன் ரூம் வாசல்ல வரிசையா நிக்கணும்." பையைத் தோளில் மாட்டினாள். "ஜூன்ல உங்களுக்கு இன்சார்ஜ் வரப்போகுது. அதையும் நானே ஞாபகப்படுத்தணுமா?"

"அந்தத் தாள்ல என் கையெழுத்து மட்டும்தான் இருக்கு. உன் பேரை எதுக்கு இழுக்கப்போறேன்?"

"இழுக்க வேண்டாம்க்கா. ஒண்ணு இழுத்தா எல்லாம் கூடவே வரும்."

அவள் போன பிறகு அது ஒரு சாதாரணப் பணிநேரமாகத்தான் கழிந்தது. மூன்று சொட்டு மருந்து பாட்டில் மாற்றினாள், ஒருவருக்குக் காய்ச்சல் பார்த்தாள், கிரேன்காரரின் விரலை நான்கு தடவை குத்தினாள். 118, 124, 131, 127.

புதன் காலை ஐந்தரைக்கு மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். வார்டில் கிளிமிபிரைடு எடுக்கிறவர்கள் இன்னும் நான்கு பேர். அவர்களின் மாத்திரைக் கிண்ணங்களை மட்டும் மேசையிலேயே வைத்துவிட்டாள். ஏழரைக்கு வந்த பகல் நர்ஸ் அந்த நான்கு கிண்ணங்களையும் பார்த்தாள். சாப்பாட்டு வண்டி ஏழு ஐம்பதுக்கு வந்தது. நான்கையும் தானே கொடுத்துவிட்டு, டாக்டர் வரும்வரை இரவு நர்ஸ் வார்டிலேயே இருந்தாள்.

டாக்டர் எட்டரைக்கு வந்தார், கூடவே மேட்ரன். பதினான்காம் படுக்கையருகே டாக்டர் கோப்பைத் திறந்ததும் அவள் முன்னால் வந்தாள்.

"டாக்டர், நேத்து இவருக்குக் குடுத்த மாத்திரை ஏழு மணிக்குக் குடுத்தது இல்ல. அஞ்சு நாப்பதுக்கு."

"யார் குடுத்தது?"

"நான்தான்."

"இதுல ஏழுன்னு இருக்கே."

"ஏழுங்கிறது அச்சடிச்சது, டாக்டர். நான் கையெழுத்துப் போட்டது அஞ்சு நாப்பதுக்கு."

டாக்டர் பேனாவின் பின்பக்கத்தால் தாளைத் தட்டினார். "எண்பத்தஞ்சு நிமிஷம். வெறும் வயிறு."

"சாப்பாடு ஏழு நாப்பதுக்குத்தான் வந்துச்சு."

"அதுக்கு முந்தின நாலு நாள்?"

"அப்பவும் இதே நேரம்தான். அப்போ இவர்கிட்ட பிஸ்கட் இருந்துச்சு. திங்கட்கிழமை சாயங்காலம் அதை நான் எடுத்துக் குடுத்தனுப்பிட்டேன்."

டாக்டர் கிரேன்காரர் பக்கம் திரும்பினார். "எத்தனை பிஸ்கட்?"

"நாலு, டாக்டர்."

"ஆறு," என்றார் தபால்காரர் அடுத்த படுக்கையிலிருந்து. "நான் எண்ணியிருக்கேன். ஒரு நாள்கூட எனக்கு ஒண்ணு குடுத்தது கிடையாது."

"உங்களுக்கும் சுகர் இருக்கே," என்றார் டாக்டர்.

"அதனாலதான் குடுக்கலைன்னு அவர் சொல்லட்டும் பார்ப்போம்."

கிரேன்காரர் இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். டாக்டர் பழைய பக்கங்களைப் புரட்டினார். சேர்ந்த மறுநாள் காலைச் சர்க்கரை 164. அடுத்தடுத்த நாட்களில் 150, 138, 121. பிறகு 96. புண் ஆற ஆறச் சர்க்கரையும் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. "இதை நானும் பார்த்திருக்கணும்," என்றார். "நாலு மில்லி இவருக்கு இப்போ அதிகம்." பட்டினிச் சோதனை என்று எழுதியிருந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்துக் கையெழுத்திட்டார். மாத்திரை இரண்டு மில்லிகிராம், சாப்பாடு கைக்கு வந்த பிறகு மட்டும், என்று எழுதினார். அதற்குக் கீழே சற்று நிறுத்தி நிறுத்தி எழுதினார்: சர்க்கரை தாழ்ந்ததற்குக் காரணம், உணவுக்கு வெகுநேரம் முன்னதாக மாத்திரை கொடுக்கப்பட்டது, நோய்த்தொற்று குறைந்த நிலையில் மருந்தளவு அதிகம்.

டாக்டர் பதினைந்தாம் படுக்கைக்கு நகர்ந்ததும் மேட்ரன் அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"நான் இங்க வந்ததுல இருந்து, மேடம்."

"நீ வந்து எத்தனை வருஷம்?"

"எட்டு."

அடுத்து வர வேண்டிய கேள்வி அதற்கு முன்பு எப்படி என்பது. மேட்ரன் அதைக் கேட்கவில்லை. அந்த வார்டில் அவரும் ஆறு வருடம் இரவுப் பணி பார்த்தவர்.

"எழுதிக் குடு," என்றார். "உன் கையால, நேரத்தோட. யார் யார்னு வேண்டாம். எப்படி நடக்குதுன்னு எழுது."

தாழ்வாரத்து ஜன்னல் மேடையில் தாளை வைத்து அவள் எழுதினாள். ஒன்றேகால் பக்கம் வந்தது. பிஸ்கட்டைப் பற்றியும் எழுதினாள். முடித்துவிட்டுப் படியிறங்கும்போது, மனைவியும் மைத்துனரும் மேலே ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

"டாக்டர் வந்துட்டாரா சிஸ்டர்? என்ன சொன்னார்?"

"காரணம் எழுதிட்டார்," என்றாள். "என்னன்னு நீங்களே கேட்டுக்குங்க. படிச்சுக் காட்டச் சொல்லுங்க."

மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் கையை விடுவித்துக்கொண்டு, "மொதல்ல கேட்டுட்டு வாங்க," என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள்.

கிரேன்காரர் மார்ச் 16 அன்று வீடு திரும்பினார். கப்பல் தளத்து மருத்துவர் அறிக்கையைப் படித்துவிட்டு அவரை ஒரு மாதம் கீழே வைத்தார். அந்த மாதத்தில் சர்க்கரை ஒரு தடவையும் எழுபதுக்குக் கீழே போகவில்லை. ஏப்ரல் 15, திங்கட்கிழமை அவர் கிரேனில் ஏறினார்.

இரவு நர்ஸுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வழங்கப்பட்டது. ஜூன் மாதம் பொறுப்பு நர்ஸாக வேறொருவர் நியமிக்கப்பட்டார். மருந்துத் தாளில் அச்சடித்த நேரம் நீக்கப்பட்டு, கொடுத்த நேரத்தை எழுத ஒரு கட்டம் சேர்க்கப்பட்டது. சாப்பாட்டோடு கொடுக்க வேண்டிய மாத்திரைகளை இரண்டாம் மாடியில் இப்போது பகல் நர்ஸ் கொடுக்கிறார்.